தள்ளிநில்லு

எங்கள் ஊர் இடுகாட்டுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. இடம் பார்த்துக் கொடுத்த புரோக்கர், "உயிரோட இருக்கறவனை விடச் செத்தவனுக்குத்தான் பேப்பர் வேலை அதிகம், தைரியமா கடையைப் போடு" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். பதினோரு வருஷமாக இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் மனு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் இடுகாட்டுக் கேட் தெரியும். கேட்டுக்குள் மண்வெட்டி, கடப்பாரை வைக்கிற தகரக் கொட்டகை. அதை ஒட்டி முனிசிபாலிட்டி கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீடு. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குழிமேடுகள், கடைசியில் கடல். முன்பெல்லாம் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்டிலிருந்து பத்து நிமிஷம் நடக்க வேண்டும். இப்போது அது தானாகவே வந்து நம்மைப் பார்க்கிறது.

அந்த வீட்டில் இருந்தவர் குழி வெட்டுபவர். அவருக்கு ஊர் வைத்த பேர் தள்ளிநில்லு. ஒவ்வொரு அடக்கத்தின்போதும் பெட்டியை இறக்கும் நேரத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "மண்ணு சரியும், தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று கூட்டத்தைப் பின்னால் நகர்த்துவார். அழுகிற பெண்டாட்டியானாலும் சரி, கவுன்சிலரானாலும் சரி, குழிக்குப் பத்தடி தூரத்தில்தான் நிற்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் அவர் பந்தியில் உட்கார வந்தபோது எவனோ, "தள்ளிநில்லு வந்தாச்சு, எல்லாரும் தள்ளி உட்காருங்கடா" என்று கத்த, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டார்.

அவர் மனைவி துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்தாள். ஆள் உயர ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து, அரவை மெஷின் வாயில் தள்ள வேண்டும். அறுபது பார் ஒரு ஷிஃப்ட். கையுறை போட்டாலும் விரல் நுனி வெளுத்து உரிந்து கிடக்கும். நான் அவளை அக்கா என்பேன், ஊர் ஐஸ்காரம்மா என்னும். பேருக்குத்தான் ஐஸ். கோபம் வந்தால் ஃபேக்டரி மேனேஜரே மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான்.

அவர்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றே கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்பனே குழி வெட்டினார். மகளுக்குக் குழி வெட்டுகிற அப்பனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், இனிமேல் பார்க்க வேண்டாம். அன்றைக்கு அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாருக்கும் ஆறடின்னா என் பிள்ளைக்கு ஏழடி வெட்டு. நாய் நரி ஒண்ணும் அவகிட்டப் போகக் கூடாது."

"ஏழடிதான் வெட்டிருக்கேன். நீ தள்ளி நில்லு" என்றார். அவளும் தள்ளித்தான் நின்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பெரும் புயல் வந்தது. கடல் ஏறி இடுகாட்டின் கடைசி மூன்று வரிசையை வழித்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகு ஊரே போய்ப் பார்த்தது. பழைய குழிகளில் சிலது அப்படியே இருந்தது, பாப்பாவுடையது இல்லை. இடுப்பளவு பள்ளம், அதில் கொஞ்சம் தண்ணீர், ஒரு பலகைத் துண்டு. அக்கா அந்தப் பள்ளத்தில் இறங்கி இரண்டு நாள் கையால் தோண்டினாள். மூன்றாம் நாள் ஏறி வந்து ஐஸ் ஃபேக்டரிக்குப் போனாள்.

"பக்கத்துல இருபது வருஷப் பெட்டி அப்படியே கிடக்கு, ஏழடியில கிடந்த என் பிள்ளையைத் தேடி எடுத்துட்டுப் போயிருக்கு பாருடா அந்தக் கடல். அதுக்கும் எனக்கும் என்ன பகை?" என்று என் கடை வாசலில் நின்று கேட்டாள். நான் மெஷினில் பேப்பர் அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கடலைத் திட்டினாள், முனிசிபாலிட்டியைத் திட்டினாள். திட்டு தீரவில்லை, சேர வேண்டிய முகவரி மட்டும் கிடைக்கவில்லை. அப்போதுதான் வக்கீலம்மா வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை, அதில் எப்போதும் ஈரமான குடை. ஒரு வழக்குக்காகக் கடலோர ஊர்களில் ஆள் தேடி வந்திருந்தாள். டீயை உறிஞ்சிக்கொண்டே என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள்:

"அக்கா, கடல் சும்மா ஏறல. நூறு வருஷமா நிலக்கரியும் எண்ணெயும் எரிச்சதால ஏறுது. யார் யார் எவ்வளவு எரிச்சாங்கன்னு கணக்கு இருக்கு. அதுல ஒரு பெரிய கம்பெனி மேல, அவங்க நாட்டுக் கோர்ட்டுலயே கேஸ் போடப் போறோம்."

"அவங்க நாடு எங்க இருக்கு?"

"பத்தாயிரம் கிலோமீட்டர்."

"அங்க இருக்கறவனை இங்க இருக்கற நான் கேக்க முடியுமா?"

"முடியும்னுதான் வாதாடறோம். அவங்க சட்டத்துல, பக்கத்து வீட்டுக்காரன் செய்யற வேலையால என் சுவர் விழுந்தா அவன் பதில் சொல்லணும். காத்தும் கடலும் எல்லாருக்கும் ஒண்ணுதானே, அப்ப பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அவன் நமக்குப் பக்கத்து வீடுதான். உலக நீதிமன்றமே சொல்லியாச்சு, ஒரு நாட்டுலேருந்து கிளம்பற கெடுதல் அடுத்த நாட்டைக் கெடுக்காம பாத்துக்கறது கடமைன்னு. அந்தத் தீர்ப்பு கம்பெனியை நேரா கட்டுப்படுத்தாது. ஆனா நம்ம கையில அது ஒரு நல்ல கடப்பாரை."

கடப்பாரை என்றதும் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"மேட்டுல புது இடுகாடு, கடலுக்குத் தடுப்பு, அதுல அவங்க பங்கு."

"அதெல்லாம் ஊருக்கு. எனக்கு?"

"உங்களுக்கு என்ன வேணும்க்கா?"

"அவன் இங்க வரணும். வந்து என் பிள்ளை கிடந்த இடத்துல நின்னு, நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். அவனுக்கு மூஞ்சி இருக்கா?"

வக்கீலம்மா போனில் கம்பெனித் தலைமை அலுவலகத்தின் படத்தைக் காட்டினாள். கண்ணாடிக் கட்டடம், வாசலில் கோட்டு போட்ட நாலு பேர். அக்கா அதை என்னிடம் கலரில் பிரிண்ட் எடுக்கச் சொன்னாள். பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தேன். கொண்டுபோய் அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள்.

"தினம் என் அடுப்புப் புகையைக் குடிக்கட்டும். ஒரு மாசத்துல கருக்கறேன் பாரு" என்றாள். சொன்ன மாதிரியே நாலு பேர் முகமும் கறுத்துவிட்டது. அந்த வீட்டில் அடுப்பு பற்ற வைக்கிற வேலை அதற்குப் பிறகு ஒரு வேண்டுதல் மாதிரி நடந்தது.

இத்தனையிலும் தள்ளிநில்லு அண்ணன் பட்டுக்கொள்ளவில்லை. கேட்டால், "நல்லது நடந்தா சரி" என்பார். கொட்டகை வாசலில் உட்கார்ந்து அரத்தால் மண்வெட்டியைத் தீட்டுவார்.

ஒரு வருஷம் கழித்துக் கம்பெனியின் பதில் வந்தது. வக்கீலம்மா அதை என் கடையில் வைத்துப் படித்துச் சொன்னாள். கடைக்குள் நாங்கள் நாலு பேர்தான்.

"நம்ம இடுகாட்டு ரிஜிஸ்டரை எடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு குழிக்கும் ஆழம் ஆறடின்னு எழுதி, அண்ணன் கையெழுத்து இருக்கு. போன மாசம் வரைக்கும். 'ஆறடிக்குக் காஞ்ச மண்ணு இருக்கற ஊருல நிலத்தடித் தண்ணி எங்க ஏறிச்சு?'ன்னு கேக்கறாங்க."

"ஆறடின்னா ஆறடிதான், அதுல என்ன தப்பு?" என்றாள் அக்கா.

அண்ணன் எழுந்து ரோட்டைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனார். வரும்போது அவர் அளவுக் கம்பு கையில் இருந்தது. ஏழடி உயரம், கட்டைவிரல் கனத்துக்கு இரண்டு மடங்கு, கை பட்டுப் பட்டுக் கறுத்த மரம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கச் சுற்றியிருந்தார். பிடிக்கு வசதியாக. எங்கள் எல்லோருக்கும் அந்தக் கம்பைத் தெரியும்.

"நான் எழுதினது பொய்" என்றார்.

வக்கீலம்மா குடையைக் கீழே வைத்தாள்.

"வேலைக்கு வந்தப்ப ஆறடிக்கு நல்ல காஞ்ச மண்ணு. நாலு வருஷத்துல அஞ்சரை அடியிலயே தண்ணி ஊறுச்சு. ஆபீசர்கிட்டப் போய்ச் சொன்னேன். 'ரூல் ஆறடி. ஆறுன்னு எழுது. இல்லைன்னா இடத்தை இழுத்து மூடிடுவாங்க, ஊருக்கு வேற இடமும் கிடையாது, உனக்கு வீடும் கிடையாது'ன்னாரு. எழுதினேன். அப்புறம் எழுதிட்டே இருந்தேன்."

"குழி?"

"தண்ணி வர்ற இடத்துல நிறுத்திடுவேன். வாளியில இறைச்சுட்டு, காஞ்ச மணல் போட்டு, மேல பலகை வெச்சு மறைச்சுடுவேன். மேட்டைப் பெருசாப் போட்டா யாருக்கும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "கிட்ட வந்து எட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

பதினோரு வருஷமாக நான் கேட்டுச் சிரித்த தள்ளிநில்லுவுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது.

கம்பில் கீறல்கள் இருந்தன. தண்ணீர் முன்னைவிட மேலே வந்தால், கம்பின் அடி தண்ணீரைத் தொடும்படி குழியில் நிறுத்தி, தரை மட்டம் வருகிற இடத்தில் புதுக் கீறல் போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பக்கத்தில் வருஷத்தைச் சுட்டு வைப்பார். அடுத்த குழியை எவ்வளவு வெட்டலாம் என்று தெரிய வேண்டுமே. தொழிலில் அவருக்குப் பொய் கிடையாது, காகிதத்தில்தான். வக்கீலம்மா சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தரை அடி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஐந்து. ஏழு வருஷத்துக்கு முன்னால் மூன்றரை. என் விரல் அங்கே நின்றுவிட்டது. என் அப்பா போய் ஆறு வருஷம். என் அப்பா மூன்றரை அடியில், ஈரத்தில் கிடக்கிறார்.

"எங்க அப்பாவை என்னண்ணே பண்ணீங்க?" என்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "நான் உங்க கையைப் புடிச்சு நன்றி சொன்னேனே, அன்னைக்கு."

"சொன்ன, தம்பி. நான் அதை மறக்கல" என்றார். அவரை அங்கேயே அறைந்திருப்பேன், நடுவில் மேஜை இருந்தது.

அக்கா மட்டும் அசையவில்லை. அவள் கண் கம்பில் கீழே இறங்கி இறங்கிப் போகிற கீறல்களில் இருந்தது. அதில் அவளுக்குத் தெரிந்தது ஆயுதம்.

"ஊர் காறித் துப்பட்டும். நான் தொடைச்சுக்கறேன். இதை வெச்சு அவனைக் குத்த முடியுமா வக்கீலம்மா?" என்றவள், சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள். "நம்ம பாப்பாவுக்கு?"

"அவளுக்கு ஏழு. அந்த இடம் மேடு" என்றார், கம்பைப் பார்த்துக்கொண்டு.

அவள் தலையாட்டினாள். வக்கீலம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கினாள்.

"அண்ணே, ஒரு சிக்கல். அஞ்சு அடிக்கும் மூணரை அடிக்கும் நடுவுல ஏழு வருஷத்துக்கு ஒண்ணுமே இல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால முனிசிபாலிட்டி பக்கத்துல சாக்கடைக் கால்வாய் வெட்டிச்சில்ல? அந்தக் கால்வாய்தான் தண்ணியைக் கொண்டுவந்துச்சுன்னு அவங்க சொல்லுவாங்க. கால்வாய்க்கு முன்னாடியே ஏறிடுச்சுன்னு காட்ட ஒரு கீறல் வேணும். ஒண்ணு போதும்."

"அந்த வருஷமெல்லாம் மழை கம்மி" என்றார் அண்ணன். அவர் கை டியூப் சுற்றின இடத்தை விடவே இல்லை. நான் பார்த்தேன், பிடி என்று நினைத்தேன்.

செய்தி பரவ இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ சேற்றை அள்ளி அடித்திருந்தார்கள். புருஷனைப் புதைத்த ஒரு டெய்லர் பொம்பளை கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை அடியில வெச்சிருக்கான்னு சொல்லச் சொல்லுடி" என்று அலறினாள். அக்கா ஐஸ் கொக்கியோடு வெளியே வந்தாள்.

"அவன் பொய் சொன்னான். ஆமா. அவனை நான் பாத்துக்கறேன். உன் புருஷன் கால்மாட்டுக்குத் தண்ணியைக் கொண்டு வந்தது அவனா? இந்த மண்வெட்டியா? அதைக் கொண்டு வந்தவனைப் பாக்கணும்னா உள்ள வா, பேப்பர் இருக்கு, கையெழுத்து போடு. இல்ல கதவுல சேறு அடிக்கறதுதான் உனக்குத் திருப்தின்னா அடிச்சுட்டுப் போ, நாளைக்கு நானே குழைச்சு வெக்கறேன்."

டெய்லர் அழுதுகொண்டே உள்ளே போய்க் கையெழுத்து போட்டாள். அந்த வாரத்தில் நாற்பத்தோரு குடும்பம் வழக்கில் சேர்ந்தது. நானும் சேர்ந்தேன். அண்ணன் மேல் கோபம் ஆறிக் கையெழுத்துப் போடவில்லை, அதை வைத்துக்கொண்டுதான் போட்டேன்.

அந்த நாட்டுக் கோர்ட் நீதிபதி நேரில் பார்க்க வருகிறார் என்ற கடிதம் வந்த அன்று அக்கா வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, கறுத்துப்போன அந்தப் படத்தைத் துடைத்தாள். "வர்றவனை அடையாளம் தெரியணும்ல" என்றாள்.

வந்தவர்களில் படத்தில் இருந்த நாலு பேரும் இல்லை. வெள்ளைத் தலை நீதிபதி, உப்பு அளக்கிற கருவியோடு ஒரு நிபுணர், ஒரு மொழிபெயர்ப்பாளர், கம்பெனி வக்கீல். கம்பெனி வக்கீல் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கின ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார், ஒன்றில் ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. நல்ல மரியாதைக்காரர். அக்காவைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்.

அக்கா அவரிடம் என்னென்னவோ சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மொழிபெயர்ப்பாளர் கேட்டு முடித்து, ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்தினார்.

"என்ன சார், நான் அவ்வளவு நேரம் திட்டினேன், நீங்க குறள் மாதிரி முடிச்சுட்டீங்க?" என்றாள்.

"சாரம் சொல்லிட்டேன்மா."

"சாரம் வேணாம். சக்கையோட சொல்லுங்க."

நீதிபதி விசாரித்து, அவள் சொல்வது எல்லாவற்றையும் அப்படியே சொல்ல வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் கழுத்துவரை சிவந்தபடி சொன்னார். கம்பெனி வக்கீல் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

குழி வெட்டச் சொன்னார்கள். இடத்தை நிபுணர் காட்டினார். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். "ரிஜிஸ்டரில் உள்ளபடி ஆறடி" என்றார் கம்பெனி வக்கீல். அண்ணன் வெட்ட ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மண்வெட்டி விழுகிற சத்தமும் மண் விழுகிற சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. முதலில் வெளிர் மணல், பிறகு கறுப்பு மணல், பிறகு மண்வெட்டி சளக்கென்றது. கம்பை நிறுத்தினார். இரண்டரை அடி.

அது மழைத் தண்ணீராக இருக்கலாம் என்றார் கம்பெனி வக்கீல். நீதிபதி இன்னும் இரண்டடி வெட்டி இறைக்கச் சொன்னார். பதினெட்டு வாளி இறைத்தார். எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு பக்கமும் ஊறி, அதே இடத்துக்கு வந்து நின்றது. நிபுணர் கருவியை விட்டுப் பார்த்து, உப்பு என்றார். கம்பெனி வக்கீல் எட்டிப் பார்க்கக் குழி ஓரத்துக்கு வந்தார். அண்ணன் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் விரித்து, "மண்ணு சரியும், தள்ளி நில்லுங்க" என்றார்.

"யாரும் தள்ளி நிக்க வேணாம்" என்றாள் அக்கா. "கிட்ட வாங்க சார். நல்லாக் குனிஞ்சு பாருங்க. வேலிக்கு வெளியில நிக்கறவங்களும் வாங்க, எல்லாரும் பாருங்க."

ஊர் உள்ளே வந்து குழியைச் சுற்றி நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் எங்கள் தலைகள் தெரிந்தன. கம்பெனி வக்கீலின் புது பூட்ஸ் ஓரத்து மண்ணோடு சரிந்து, ஒரு கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போனது. அக்கா அந்தக் காலை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மனிதர் காலை இழுத்துக்கொண்டு, கொஞ்சமும் குரல் மாறாமல் அடுத்ததைக் கேட்டார். இன்று தண்ணீர் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கம்பின்படியே கால்வாய்க்கு முன்னால் ஐந்தடி, கால்வாய்க்குப் பின்னால் மூன்றரை. அப்படியானால் தண்ணீரைக் கொண்டு வந்தது உங்கள் ஊர்க் கால்வாய்தானே? நீதிபதி கம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டியூப் சுற்றின இடத்தில் விரலை வைத்து, இதன் அடியில் என்ன என்றார்.

"பிடி" என்றார் அண்ணன்.

கழற்ற முடியுமா என்று கேட்டார் நீதிபதி. அண்ணன் கம்பை வாங்கி, டியூப் மேல் கையை வைத்துக்கொண்டார். வியர்வை வழிந்து மணலில் சொட்டியது.

"கழட்டேன்யா. பிடி போனா வழுக்கும், அவ்வளவுதானே?" என்றாள் அக்கா. அவர் அசையவில்லை. அவளே கம்பை வாங்கி, இடுப்பில் செருகியிருந்த ஐஸ் கொக்கியின் முனையால் டியூபைக் கிழித்தாள்.

இரண்டு கீறல் இருந்தது. டியூபுக்குள் காற்றுப் படாமல் மரம் அங்கே மட்டும் வெளுப்பாக இருந்தது. மேல் கீறலுக்குப் பக்கத்தில் ஒரு வருஷம். கீழ்க் கீறலுக்குப் பக்கத்தில் இன்னொரு வருஷம், கால்வாய் வெட்டியதற்கு முந்தின வருஷம். அந்த வருஷம் அவளுக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"மூணே முக்கால்" என்றார் நிபுணர், டேப்பை வைத்து.

அக்கா கம்பைத் தரையில் நிறுத்தினாள். கீழ்க் கீறலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பாப்பா நின்றால் ஏறக்குறைய அந்த உயரம்தான் இருப்பாள். கை அங்கேயே இருந்தது, தலையைத் தடவுகிற மாதிரி.

"ஏழுன்னு சொன்னியே" என்றாள்.

"பாதியிலேயே தண்ணி வந்துடுச்சு. எவ்வளவு இறைச்சாலும் நிக்கல. நீ அந்தப் பக்கம் நின்னு அழுதுட்டு இருந்த. தண்ணியிலயா போடறதுன்னு நான்... மூணரையில மணலைப் போட்டு வெச்சேன்." அவர் அழவில்லை. சொல்லி முடித்தவர் மாதிரி நின்றார். "அதான் கடல் அவளை முதல்ல எடுத்துடுச்சு. மத்தவங்க ஆழத்துல கிடந்தாங்க."

வக்கீலம்மா அந்த வருஷத்தைச் சுட்டிக்காட்டி நீதிபதியிடம் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். கால்வாய்க்கு முன்னால், மூன்றே முக்கால். வழக்கு அந்த ஒரு கீறலில் நின்றது. கம்பெனி வக்கீலுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், உடனே மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்:

"இவர் அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதியவர். சொந்த மகள் விஷயத்தில் சொந்த மனைவியிடமே பொய் சொன்னவர். இந்த மனிதரின் கம்பை எப்படி நம்புவது என்று கேட்கிறார்."

அக்கா அதை, தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி மாதிரி கேட்டுக்கொண்டாள். பிறகு கம்பைக் கம்பெனி வக்கீலின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இவரு வாயால சொன்னது எல்லாம் பொய். கையால கீறினது எதுவும் பொய் இல்ல. பொய்யா இருந்தா இதை ஏன் ஒன்பது வருஷம் என்கிட்டேருந்து சுத்தி மறைக்கணும்? என் பிள்ளையை ஏமாத்தினதுக்கு இவரை நான் கேப்பேன். அது எங்க வீட்டு வழக்கு, அதுக்கு நீ வக்காலத்து வாங்காத. நீ உன் வழக்குக்குப் பதில் சொல்லு. மூணே முக்கால் அடிக்குத் தண்ணியைக் கொண்டு வந்தது யாரு?"

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை ஒரு வார்த்தை விடவில்லை. நீதிபதி கம்பை வாங்கி, துணியில் சுற்றி, முத்திரை வைக்கச் சொன்னார்.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கம்பின் மரத்தையும் கீறலையும் பரிசோதித்தாயிற்று, சாட்சியமாக ஏற்கப்படுகிறது, வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்ற கம்பெனியின் மனு நிராகரிக்கப்படுகிறது, வாதியும் சாட்சியும் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கம்பெனியின் தலைவரும் வர வேண்டும். படத்தில் இடமிருந்து இரண்டாவது ஆள்.

அந்த நாலு மாதமும் அக்கா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு ஃபேக்டரிக்குப் போவாள். அவர் கொட்டகையில் மண்வெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் இரண்டரை என்று எழுதினார். அடக்கத்துக்கு வருகிறவர்களைக் குழி வரைக்கும் கூப்பிட்டுப் போய்க் காட்டினார். சிலர் திட்டினார்கள், கேட்டுக்கொண்டார். நான் என் அப்பா மேட்டுக்குப் பூ வைக்கப் போனால் எழுந்து நிற்பார். நான் பேசவில்லை. இன்னும் பேசவில்லை.

விமான டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க அக்கா கடைக்கு வந்தாள். சூட்கேஸ் வாங்கியிருந்தாள். அதில் முதலில் வைத்தது புகை படிந்த அந்தப் படம். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. மாத்து."

நான் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ரோட்டைத் தாண்டி வந்தார். துவைத்த சட்டை, சவரம் செய்த முகம். கடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றார்.

"எதுனா சொல்லு. அடிக்கணும்னா அடி. வீட்டை விட்டுப் போன்னா போறேன். அங்க போய் அந்தக் கோர்ட்டுல நிக்கறதுக்குள்ள எனக்கு ஒரு தண்டனை குடுத்துடு" என்றார்.

அக்கா டிக்கெட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வரிசையில வா. முதல்ல அவனுங்க, அடுத்தது நீ. அதுவரைக்கும் தள்ளி நில்லு."

அவர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.